தார்ப்பாயை மடித்த திருடன்

கோட்டூர்புரம் ஆற்றங்கரையில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஒரு லாரி நின்றிருக்க வேண்டிய இடத்தில் ஹம்சினி நின்றுகொண்டிருந்தாள். தரையில் எண்ணெய்க் கறை இருந்தது, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்த கட்டைகள் இருந்தன. லாரி மட்டும் இல்லை.

“குடை தொலையும், செருப்பு தொலையும். ஒரு ஆடி மாசத் தள்ளுபடியில எங்காத்து மாமியே தி.நகர்ல தொலைஞ்சு போனா,” என்றார் அம்பி. “மிலிட்டரி லாரியைத் தொலைச்சுட்டு நிக்கறவரை இப்பத்தான் பாக்கறேன், பாஸ்.”

அம்பி அவளுடைய அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. இன்ஷூரன்ஸ் ஆபீசில் முப்பது வருஷம் பொய்க் கணக்குகளைச் சிரித்துக்கொண்டே கண்டுபிடித்தவர். விருப்ப ஓய்வு வாங்கிய மறுநாளே ஆழ்வார்பேட்டையில் இந்த அக்கா மகள் நடத்திய துப்பறியும் ஏஜென்ஸிக்கு வந்து, “எனக்கு ஒரு நாற்காலி போடு” என்று உட்கார்ந்துவிட்டார். க்ளையண்ட் எதிரில் அவளைப் பாஸ் என்றுதான் கூப்பிடுவார். அதிலேயே பாதி கிண்டல் இருக்கும்.

க்ளையண்ட் சிரிக்கவில்லை. அக்பர் பாஷாவுக்கு அறுபதைத் தாண்டிய வயது. காக்கிச் சட்டையில் கழுத்துப் பொத்தான் வரை போட்டு, பரேடில் நிற்பதைப் போல நின்றார். ராணுவத்தில் டிரைவராகச் சேர்ந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். லடாக் மலைப்பாதையில் சக்திமான் லாரி ஓட்டியவர்.

“நீங்க அங்கே ஓட்டின லாரியா இது?” என்று ஹம்சினி கேட்டாள்.

“இல்லம்மா. அது பள்ளத்துல வுழுந்து போச்சு. நான் குதிச்சேன், அது குதிக்கல. இது அதே ஜாதி. ராணுவ ஏலத்துல இரும்பு விலைக்கு எடுத்தது. சக்கரம் கூட இல்ல. நானும் என் மவன் காஷிஃபும் நாலு வருசமா ஒண்ணொண்ணா கோத்தோம். போன மாசம்தான் இன்ஜின் பேசிச்சு.”

லாரி பேசுமா என்று அம்பி கேட்க வாயெடுத்தார். ஹம்சினி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

விஷயம் இதுதான். அடையாறில் தயாபரன் என்று ஒரு பணக்காரர் பழைய வண்டிகளைச் சேர்த்து வைத்திருந்தார். சக்திமானைக் கேட்டு மூன்று தடவை ஆள் அனுப்பினார். மூன்று தடவையும் அக்பர் பாஷா டீ கொடுத்துத் திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகு, அந்த லாரி ராணுவத்திலிருந்து திருடிக்கொண்டு வந்தது என்று காவல் நிலையத்துக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போனது. ஏல ரசீதோ ஐப்பசி மழையில் ஆறு கொட்டகைக்குள் வந்துபோனபோது கரைந்துபோயிருந்தது. நகல் கேட்டு ராணுவ டிப்போவுக்கு எழுதியிருந்தார். பதில் வர ஒரு மாதம் ஆகலாம் என்றார்கள். இன்ஸ்பெக்டர் தணிகாசலம் அத்தனை நாள் காத்திருக்கத் தயாராக இல்லை. பொங்கல் முடிந்ததும் வண்டியை எடுத்துப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

போகிக்கு முதல் நாள் அக்பர் பாஷா சொந்தக்காரர் வீட்டு நிக்காவுக்காக ஆம்பூர் போனார். திரும்பி வந்தபோது வண்டி இல்லை.

“நானே ஒளிச்சு வெச்சுட்டேன்னு இன்ஸ்பெக்டர் சொல்றாரு. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள வண்டி வரலேன்னா என் மேலயும் புள்ள மேலயும் கேஸாம்.” கிழவரின் தாடை இறுகியது. “இருவத்தாறு வருசம் சர்வீஸ் பண்ணவன் மேல, ராணுவ லாரியைத் திருடினதா கேஸ். போடட்டும். ஜெயிலுக்குப் போறதுக்கு முன்னாடி என் வண்டி எங்க கீதுன்னு மட்டும் எனக்குத் தெரியணும்.”

“வண்டி ஓடுற நிலையில இருந்ததா?”

“ரெண்டாவது கியர் வரைக்கும் ஓடும். மூணாவது வுழ மாட்டேங்குது.”

“ரெண்டாவது கியர்ல திருடிண்டு போனானா?” அம்பியால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. “பின்னாடியே நடந்து போய்ப் பிடிச்சிருக்கலாமே. அக்கம்பக்கத்துல ஒருத்தர் காதுலயும் விழலையா?”

“போகி அன்னிக்கு வெடிகாலை. தெருவெல்லாம் பொகை. பசங்கல்லாம் மேளம் தட்டிக்கினு இருந்தாங்கோ. யானை போனாலும் தெரியாது.”

ஹம்சினி கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றினாள். பூட்டு உடையவில்லை. சாவி கொட்டகைக் கூரைக்கும் சுவருக்கும் நடுவில்தான் இருக்கும் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். மூலையில் ஒரு தார்ப்பாய் இருந்தது. நான்கு மூலைகளும் சேர, கோடு போட்டதைப் போல மடித்து, மேலே கயிற்றை வளையமாகச் சுற்றி வைத்திருந்தார்கள்.

“இதை நீங்களா மடிச்சீங்க?”

“இல்லம்மா. நான் ஊருக்குப் போறப்ப அது வண்டி மேலதான் கெடந்தது.”

“எங்காத்துல போர்வையைக்கூட யாரும் மடிக்கறதில்லை,” என்றார் அம்பி. “இந்தத் திருடன் நல்ல குடும்பத்துப் பையன் போல இருக்கு.”

“அதான் நானும் யோசிச்சேன்,” என்றார் அக்பர் பாஷா. குரலில் திருடன் மேல் கொஞ்சம் மரியாதைகூட இருந்தது. “இது மிலிட்டரி மடிப்பு. வெளியாளுக்கு வராது. தயாபரன் பங்களாவுல ஒரு வாட்ச்மேன் கீறான். எக்ஸ் சர்வீஸ்மேன்.”

அம்பி உடனே ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். “அடையாறு தானே? பத்து நிமிஷம்.”

“இருங்கோ மாமா,” என்றாள் ஹம்சினி.

வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் காஷிஃப். இருபத்தைந்து வயது. கிண்டியில் ஒரு ஸ்கூட்டர் ஷோரூமில் மெக்கானிக். பின்னால் அவன் அம்மா சகினா, மடியில் ஒரு பெரிய டிபன் கேரியரோடு உட்கார்ந்திருந்தாள். சகினா இறங்கி எல்லோருக்கும் ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினாள். காணாமல்போன லாரியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. டீக்குச் சர்க்கரை போதுமா என்று மட்டும் கேட்டாள்.

காஷிஃப் குனிந்து டம்ளரை வாங்கியபோது அவன் தலையிலிருந்து வெள்ளையாக ஏதோ உதிர்ந்து ஹம்சினியின் டீயில் விழுந்தது.

“தம்பிக்குப் பொடுகு ஜாஸ்தி,” என்றார் அம்பி. “வெந்தயம் ஊறவெச்சு அரைச்சுத் தேச்சுக்கோ. முடி இருக்கறப்பவே பண்ணணும். நான் லேட் பண்ணிட்டேன்.”

காஷிஃப் அவசரமாகத் தலையைத் தட்டிவிட்டுக்கொண்டான். ஹம்சினி அந்த வெள்ளைத் துகளை விரல் நுனியில் எடுத்துக் கைக்குட்டையில் வைத்துக்கொண்டாள்.

“போகி அன்னிக்குக் காலையில நீங்க எங்கே இருந்தீங்க, காஷிஃப்?”

“ரோட்டுலதான் மேடம்.”

“தனியாவா?”

“போகி அன்னிக்கு ரோட்டுல யார் மேடம் தனியா இருப்பாங்க? ஊரே இருந்துச்சு.”

ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டு வைத்தான். அப்பாவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. பிறகு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, அம்மாவை அங்கேயே விட்டு, கேரியரை முன்னால் மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

“நாலு அடுக்குக் கேரியர்,” என்றார் அம்பி. “ஒல்லியாத்தான் இருக்கான். எங்கே போறது அவ்வளவும்?”

ஹம்சினி அக்பர் பாஷாவிடம் திரும்பினாள். “நாங்க தி.நகர் வரைக்கும் போயிட்டு வர்றோம். பனகல் பார்க் பக்கத்துல ஒரு தெர்மாகோல் கடை இருக்கு. அங்கே ஒரு விஷயம் கேக்கணும்.”

அதை அவரிடம் சொல்லியிருக்கக் கூடாது. அது அவளுக்கு அப்போது தெரியவில்லை.

வழியில் சிக்னலில் நின்றபோது அவள் கைக்குட்டையைப் பிரித்து அம்பியின் தோளுக்கு மேல் நீட்டினாள்.

“பொடுகு சூடான டீயில மிதக்குமா, மாமா?”

அம்பி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். உருண்டையாக, கடுகு அளவில் ஒரு தெர்மாகோல் மணி.

“புது டிவி வாங்கிருப்பான்.”

“புது டிவி வாங்கினா தலை பூரா உதிருமா? தெர்மாகோலை ரம்பம் போட்டு அறுத்தாத்தான் இப்படி உதிரும். நிறைய அறுத்தாத்தான் தலையில தங்கும். ஸ்கூட்டர் மெக்கானிக் எதுக்குத் தெர்மாகோல் அறுக்கறான்?”

“கல்யாண மண்டபத்துல சைடு பிசினஸ்?”

“மார்கழி இப்பத்தானே முடிஞ்சுது. அதுக்குள்ள முகூர்த்தமா?”

சிக்னல் விழுந்தது. அம்பி ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

கடைக்காரர் தெர்மாகோல் பலகைகளுக்கு நடுவில் பனிக்கட்டிக் குகையில் இருப்பவரைப் போல உட்கார்ந்திருந்தார். ஹம்சினி சுற்றி வளைக்கவில்லை. மார்கழி கடைசியில் மொத்தமாகத் தடிமனான பலகை வாங்கியது யார் என்று கேட்டாள்.

“நீ இன்னா போட்டிக் கடையாம்மா?”

“இல்லை. எங்க பொண்ணு கல்யாணத்துக்கு மேடை போடணும். நல்ல வேலைக்காரன் யாருன்னு பாக்கறோம்,” என்றார் அம்பி. அவருக்குப் பெண் கிடையாது. இரண்டு பையன்கள், இரண்டு பேரும் கல்யாணமானவர்கள்.

கடைக்காரர் இளகினார். “கொலு புரட்டாசிலயே முடிஞ்சுது. கிறிஸ்மஸ் குடிலு போச்சு. முகூர்த்தம் தை பொறந்தாத்தான். மார்கழில நம்ம கடைல ஈ ஓட்டிக்கினு இருப்பேன். இந்த வாட்டி ஒரு டீச்சரம்மா வந்துச்சு. ஒரு டெம்போ நெறைய எடுத்துக்கினு போச்சு. கோபாலபுரத்துல ஏதோ பொண்ணுங்க ஸ்கூலாம். அம்பதாவது வருசமாம். அன்னம் செய்யப் போறேன்னுச்சு.”

“அன்னப் பறவையா? எவ்வளவு பெருசு?”

“கழுத்து மட்டும் என் கடை ஒசரம் வருதும்மா. இத்த எதுல வெச்சுத் தூக்குவேன்னு கேட்டேன். தூக்க வேணாம், அதுவே போவும்னு சிரிச்சுச்சு.”

“டீச்சர் பேர் தெரியுமா?”

“ஜோயாவோ இன்னாவோ. பாய் வூட்டுப் பொண்ணு. கூட ஒரு ஒல்லிப் பையன் வந்து ஏத்திக்கினு போனான். அண்ணன்காரன்னு நெனைக்கிறேன்.”

ஸ்கூட்டரில் ஏறும்போது அம்பி சொன்னார், “பாஸ், திருடன் நல்ல குடும்பத்துப் பையன்னு சொன்னேனா இல்லையா? க்ளையண்டோட குடும்பமே அதுதான்னு சொல்லாம விட்டுட்டேன்.”

கோபாலபுரத்தில் பழைய பங்களா ஒன்றில் அந்தப் பள்ளி நடந்தது. பின்பக்க மைதானத்தில், வேப்ப மரத்தடியில், அன்னம் நின்றது. வெள்ளை வெளேர் என்று மூன்று ஆள் உயரம். வளைந்த கழுத்து, ஆரஞ்சு நிற மூக்கு, சரிகைக் காகிதம் ஒட்டிய இறக்கைகள். முதுகில் சரஸ்வதிக்கு ஒரு தாமரை ஆசனம். பாண்டு வாத்தியப் பெண்கள் ஒரு பக்கம் டிரம் அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். குடியரசு தினத்தன்று பள்ளியின் பொன்விழா ஊர்வலம். இன்று ஒத்திகை.

“உன் பேருக்குன்னே செஞ்ச வாகனம்,” என்றார் அம்பி. “ஏறி உக்காந்துக்கோ.”

ஹம்சினி அன்னத்தின் அடிவயிற்றில் தொங்கிய நீலத் துணியை விலக்கிப் பார்த்தாள். தண்ணீர் அலை வரைந்த அந்தத் துணிக்குப் பின்னால் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு டயர் இருந்தது. டயருக்குப் பக்கத்தில் காஷிஃப் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். எதிரில் ஜோயா. இரண்டு பேருக்கும் நடுவில் அந்த நாலு அடுக்குக் கேரியர்.

“சாப்பிடறீங்களா மேடம்?” என்றான் காஷிஃப். பயந்தவனைப் போல இல்லை. வர வேண்டியவள் வந்துவிட்டாள் என்பதைப் போல இருந்தது குரல். “எப்படித் தெரிஞ்சுது?”

“தார்ப்பாயை எதுக்கு மடிச்சீங்க?”

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். “ஐயோ. கையே அப்படிப் பழகிப்போச்சு மேடம். மடிக்காமப் போட்டா அப்பா சாப்பாடு போட மாட்டார்.”

ஜோயா எழுந்து வெளியே வந்தாள். அந்தப் பள்ளியின் டிராயிங் டீச்சர். கைகளில் பசை, கண்களில் சண்டை. “பக்கத்துத் தெரு அண்ணனோட வேனை இதே மாதிரி சந்தேகத்துல பிடிச்சாங்க. அவர் பேர்ல தப்பில்லைன்னு தெரிஞ்சு திருப்பிக் கொடுத்தப்போ கூடுதான் வந்தது. உள்ளே இருந்தது எல்லாம் யாரோ கழட்டிட்டாங்க. அப்பாவோட வண்டிக்கு அது நடக்க விட மாட்டேன். டிப்போ பதில் வர்ற வரைக்கும் இது அன்னமாவே நிக்கும். எங்க ஹெச்.எம். கிட்ட எல்லாம் சொல்லிட்டுத்தான் கொண்டுவந்தோம்.”

“உங்க அப்பாகிட்ட மட்டும் சொல்லலையா?”

அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அப்பாவுக்குப் பொய் வராது மேடம்,” என்றான் காஷிஃப். “வராதுன்னா நிஜமாவே வராது. அம்மா வாங்கின புடவை விலையைக்கூட மறைக்கத் தெரியாது. இன்ஸ்பெக்டர் வந்து வண்டி எங்கேன்னு கேட்டா, இந்த இடத்துல இருக்குன்னு வழியும் சொல்லி, கூடவே வந்து காட்டுவார்.”

ஹம்சினி அம்பியின் பக்கம் திரும்பினாள். “மாமா,” என்றாள். “நாம தெர்மாகோல் கடைக்குப் போறதை நான் அவர்கிட்ட சொன்னேனா?”

“கடை எங்கே இருக்குன்னு அடையாளமும் சொன்னே,” என்றார் அம்பி.

வாசலில் ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

முதலில் இன்ஸ்பெக்டர் தணிகாசலம் இறங்கினார். பின்னாலிருந்து அக்பர் பாஷா. ஜீப்பை ஒட்டி ஒரு வெளிநாட்டுக் கார் நின்றது. அதிலிருந்து வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒருவர் இறங்கினார். காருக்குப் பின்னால் கொக்கியும் சங்கிலியும் வைத்த ஒரு இழுவை வண்டி.

“தயாபரன்,” என்று காஷிஃப் பல்லைக் கடித்தான்.

“நீங்க போன இடத்தைப் பாய் சொன்னார். கடைக்காரன் இந்த இடத்தைச் சொன்னான்,” என்றார் இன்ஸ்பெக்டர் ஹம்சினியிடம். பிறகு அன்னத்தைக் கீழிருந்து மேல் வரை பார்த்தார். அவருடைய சர்வீஸில் இப்படி ஒன்றை எப்படி ரிப்போர்ட்டில் எழுதுவது என்று யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. “இதுக்குள்ளேயா?”

அக்பர் பாஷா அன்னத்தைப் பார்க்கவில்லை. மகனையும் மகளையும் பார்த்தார். மகனின் தலையில் ஒட்டியிருந்த வெள்ளை மணிகளைப் பார்த்தார்.

“நீயாடா?”

“நான்தான்பா.”

“மூணு நாளா நான் சோறு தின்னாம கெடக்கறேன். பக்கத்துலயே உக்காந்துக்கினு இருந்தியே.”

“நீங்க என்னைக் கேக்கவே இல்லையேப்பா. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

“உன்னை எதுக்குடா கேக்கணும்?” என்றார் கிழவர். அவ்வளவுதான் சொன்னார். காஷிஃப் தலையைக் குனிந்துகொண்டான். பாண்டுப் பெண்கள்கூட டிரம்மை நிறுத்திவிட்டார்கள்.

தயாபரன் கனைத்தார். “இன்ஸ்பெக்டர் சார், வண்டி கிடைச்சது நல்லதாப் போச்சு. உங்க ஸ்டேஷன்ல இவ்ளோ பெரிய லாரி நிக்க இடம் ஏது? கேஸ் முடியற வரைக்கும் நம்ம ஷெட்ல பத்திரமா இருக்கட்டும். டிபார்ட்மென்ட்டுக்கு என்னாலான உதவி. இழுத்துட்டுப் போக வண்டியும் கொண்டாந்திருக்கேன்.”

இன்ஸ்பெக்டர் யோசித்தார். ஸ்டேஷனில் இடம் இல்லாதது உண்மைதான்.

“ஒரு சந்தேகம் சார்,” என்றாள் ஹம்சினி. “காணாமப்போன லாரி எங்கே இருக்குன்னே காலைல வரைக்கும் யாருக்கும் தெரியாது. இவருக்கு மட்டும் எப்படி இழுவை வண்டி தயாரா இருந்தது? வேற யாரோ எழுதின மொட்டைக் கடுதாசியால வந்த கேஸ்ல இவருக்கு ஏன் இவ்வளவு அக்கறை?”

“சமூக சேவை, பாஸ்,” என்றார் அம்பி. “சில பேருக்கு அன்னதானம், சிலருக்கு அன்னத்தையே தானமா வாங்கிக்கறது.”

பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. தயாபரன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்ஸ்பெக்டர் அவரை முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் சட்டம் சட்டம்தான். அவர் அக்பர் பாஷாவிடம் போனார்.

“பாய், ஒரே கேள்வி. இது உங்க வண்டியா?”

ஒரு சின்னப் பொய் போதும். பள்ளிக்கூடத்து அன்னம், எனக்குத் தெரியாது என்று சொன்னால், தலைமையாசிரியை அதை அப்படியே பிடித்துக்கொள்வாள். ஜோயா கண்ணாலேயே கெஞ்சினாள்.

“என் வண்டி,” என்றார் அக்பர் பாஷா. “எனக்கும் என் புள்ளைக்கும் சொந்தமான வண்டி. நாங்க திருடல. சந்தேகம்னா எடுத்துக்கோங்க.” காஷிஃப் கண்களை மூடிக்கொண்டான். கிழவர் நிறுத்தவில்லை. “ஆனா புடிக்கறது போலீஸ்னா, நிக்கறதும் போலீஸ் ஸ்டேஷன்லதான். வேற எவன் ஷெட்டுலயும் நிக்காது. சங்கிலி போட்டு இழுக்கவும் வுட மாட்டேன். அது செத்த வண்டி இல்ல. நானே ஓட்டிக்கினு வரேன்.”

“இந்த வேஷத்தோடவா?”

“கேஸ் சொத்து எப்படிக் கிடைச்சுதோ அப்படித்தானே சார் கொண்டு வரணும்?” என்று ஹம்சினி எடுத்துக் கொடுத்தாள்.

தலைமையாசிரியை காமாக்ஷி அதுவரை படியில் நின்றிருந்தாள். மெலிந்த உடம்பு, கஞ்சி போட்ட பருத்திப் புடவை. இப்போது மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இறங்கி வந்தாள்.

“அன்னம் பள்ளிக்கூடத்துச் சொத்து. அது போற இடத்துக்கு நானும் வருவேன். இன்னிக்கு ஒத்திகைன்னு குழந்தைகள் ஆத்துலயெல்லாம் சொல்லியாச்சு. ஒத்திகை நடக்கும். எந்தத் தெருவுல நடந்தா என்ன?” அவள் பாண்டுப் பெண்களைப் பார்த்தாள். “சீனியர்ஸ் எல்லாரும் மேலே ஏறுங்கோ. கெட்டியாப் பிடிச்சுக்கோங்கோ.”

அப்படித்தான் அது நடந்தது. இன்ஜின் உறுமியது. அன்னத்தின் மூக்கு வழியாகக் கொஞ்சம் கறுப்புப் புகை வந்தது. முன்னால் இன்ஸ்பெக்டரின் ஜீப், அதற்குப் பின்னால் இரண்டாவது கியரில் அன்னம். ஓட்டுநர் இருக்கையில் அக்பர் பாஷா, பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்த காமாக்ஷி, முதுகில் டிரம்களோடு பாண்டு. அதற்குப் பின்னால் ஸ்கூட்டரில் அம்பியும் ஹம்சினியும், மொபெட்டில் அண்ணனும் தங்கையும். ஆழ்வார்பேட்டை சிக்னலில் பஸ்கள் நின்றன. டிராஃபிக் கான்ஸ்டபிள் குழம்பி ஒரு சல்யூட் அடித்து வைத்தார். கடை வாசல்களில் ஜனம் கூடியது. ஒரு பூக்காரி அன்னத்தின் இறக்கையில் முழம் மல்லிகையை வீசினாள். எதற்கு ஊர்வலம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அம்பி ஸ்கூட்டரில் இருந்தபடியே பதில் சொன்னார்.

“சரஸ்வதியோட வாகனத்தை அரெஸ்ட் பண்ணி அழைச்சுண்டு போறா. நீங்களும் வந்து பாருங்கோ.”

கோட்டூர்புரம் பாலத்தைத் தாண்டும்போது பின்னால் ஒரு சின்னக் கூட்டமே நடந்து வந்தது. யாருக்கும் தெரியாமல் ஒரு ஷெட்டுக்குள் போய் மறைந்திருக்க வேண்டிய லாரியை இப்போது பாதி ஊர் பார்த்துவிட்டது. அந்த வெளிநாட்டுக் கார் எந்தத் திருப்பத்தில் கழன்றுகொண்டது என்று யாரும் கவனிக்கவில்லை.

காவல் நிலையத்தின் வளாகம் சிறியது. முதலில் நுழைந்த ஜீப் உள்ளே போய் நின்றது. பின்னால் வந்த அன்னம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. அக்பர் பாஷா இன்ஜினை அணைத்து, சாவியை இன்ஸ்பெக்டரின் மேஜையில் வைத்தார்.

“இப்ப இது உங்க பொறுப்பு சார். ஒரு நட்டு தொலைஞ்சாலும் நீங்க பதில் சொல்லணும். உங்களுக்குத் தொந்தரவு வேணாம்னு நானும் என் மவனும் பக்கத்துலயே இருக்கோம்.”

சொன்னபடி இருந்தார்கள். நிலையத்துச் சுவரோரம் ஒரு பாயை விரித்து இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். சகினா வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவந்து, பாராவில் இருந்த கான்ஸ்டபிளுக்கும் ஒரு தட்டு வைத்தாள். அதற்குள் இன்ஸ்பெக்டருக்குக் கமிஷனர் ஆபீசில் மீட்டிங் என்று போன் வந்தது. அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே வந்து பார்த்தால், ஜீப்புக்கும் தெருவுக்கும் நடுவில் ஒரு அன்னம்.

“பாய், வண்டியைக் கொஞ்சம் பின்னால எடுங்க.”

“கேஸ் சொத்து சார்,” என்றார் அக்பர் பாஷா மிகப் பணிவாக. “நகர்த்தக் கூடாது. நாளைக்கு நீங்களே என் மேல இன்னொரு கேஸ் போடுவீங்க.”

இன்ஸ்பெக்டர் நின்றார். ஜீப்பைப் பார்த்தார், அன்னத்தைப் பார்த்தார். தெருவில் நின்று சிரித்த கூட்டத்தையும் பார்த்தார். பிறகு உள்ளே போய், ராணுவ டிப்போவுக்கு ட்ரங்கால் போட்டார். ஆட்டோவில் மீட்டிங்குக்குப் போய்வந்து மறுபடியும் போட்டார். மறுநாள் காலையில் மூன்றாவது தடவை.

ஒரு மாதம் ஆகும் என்ற பதில் மறுநாள் மத்தியானமே வந்தது. சக்திமான் லாரி ஒன்று, ஏலத்தில் முறைப்படி விற்றது, எடுத்தவர் ஹவில்தார் அக்பர் பாஷா, ஓய்வு. போனில் படித்துச் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் அதை எழுதிக்கொண்டு, மொட்டைக் கடுதாசியை எடுத்துத் தனியாக வைத்தார். ஹம்சினியைக் கூப்பிட்டு, “இதை எழுதினது யாருன்னு தயாபரன் வீட்டு வாட்ச்மேன்கிட்ட கொஞ்சம் கேக்க வேண்டியிருக்கு” என்றார். அவருடைய மன்னிப்பு அந்த உருவத்தில்தான் வந்தது.

பிறகு வெளியே வந்து, சாவியைக் கிழவரின் உள்ளங்கையில் வைத்தார். “வண்டியை எடுங்க பாய். தயவு பண்ணி எடுங்க.”

அக்பர் பாஷா எழுந்து பாயைச் சுருட்டினார். இரவெல்லாம் கொசுக்கடி. ஆனாலும் சட்டைப் பொத்தான் கழுத்து வரை போட்டபடியே இருந்தது. லாரியிடம் போனார். ஓட்டுநர் கதவைத் திறந்தார். ஏறவில்லை. திரும்பி மகனைப் பார்த்துச் சாவியை நீட்டினார்.

காஷிஃப் வாங்கத் தயங்கினான். “நீங்க ஓட்டுங்கப்பா.”

“நான் ஓட்டினதை ஊரே பாத்துச்சு,” என்றார் அக்பர் பாஷா. “போகி அன்னிக்கு அந்தப் பொகையில, லைட்டும் போடாம, ஒரு பய கண்ணுலயும் படாம நீ எப்படி ஓட்டினேன்னு நான் பாக்கலையே. ஏறு. அதே மாதிரி ஓட்டிக் காட்டு.”

அவர் சுற்றிக்கொண்டு போய், நாலு வருஷத்தில் முதல் தடவையாக, பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.